முழுநாள் எல்.கே.ஜி., யு.கே.ஜி.: சாயங்காலம் வரை குழந்தை அங்கே என்னதான் செய்கிறது?

ஜூனில் பள்ளி திறந்து பத்து நாள் போனதும் மதுரையில் எந்தப் பள்ளி வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "காலைல ஒம்போது மணிக்கு விட்டா மூணரைக்குத்தான் விடுறாங்க. நோட்டப் பாத்தா ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வட்டம். அவ்வளவு நேரமும் என்னதான் பண்றாங்க?"

நியாயமான கேள்விதான். நோட்டில் ஏறுவது அந்த நாளின் இருபது நிமிட வேலை. மீதி ஆறு மணி நேரம் நோட்டுக்கு வெளியே நடக்கிறது. அந்த ஆறு மணி நேரம் சரியாக நடக்கிறதா என்பதுதான் பெற்றோர் பார்க்க வேண்டியது. நோட்டு நிரம்பி வழிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் அடிப்படை. ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., நான்கு முடிந்திருந்தால் யு.கே.ஜி., ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அரைநாள் வகுப்பு பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். முழுநாள் என்றால் மூன்று, மூன்றரை வரை. தனியார் பள்ளிகளில் மட்டும் இது இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் தமிழக அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

முழுநாள் என்றால் அரைநாளில் சொல்லித்தருவதை இரண்டு மடங்காகச் சொல்லித்தருவது என்று பலர் எண்ணுகிறார்கள். சில பள்ளிகளும் அப்படித்தான் எண்ணுகின்றன. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து கற்கும் நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. நான்கு வயதுப் பிள்ளையை ஒரே விஷயத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. கூடுதலாகக் கிடைக்கும் மூன்று மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இன்னொரு விளையாட்டுக்கும் கதைக்கும் உரியது.

ஒரு நாளின் ஓட்டம்

நல்ல வகுப்பில் ஒன்பது மணிக்கு வந்ததும் பாடம் தொடங்காது. முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையில் வைப்பார்கள், பையை அவரவர் ஆணியில் மாட்டுவார்கள், பிடித்த பொம்மையை எடுத்து உட்கார்ந்துகொள்வார்கள். அம்மாவை விட்டுப் பிரிந்த அழுகை அடங்குவதற்கான நேரம் இது. பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாட்டு, இன்று என்ன கிழமை, யார் வரவில்லை, வெயிலா மேகமா என்ற பேச்சு. இது வெறும் சடங்கு மாதிரி தெரியும். ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது இரண்டும் இங்கேதான் பழகுகின்றன.

அதன்பின் ஒலியும் எழுத்தும் ஒரு சிறு பொழுது. பத்தரைக்குக் கை கழுவி ஸ்நாக்ஸ். பிறகு எண். பதினொன்றரையிலிருந்து மூலைகள்: ஒரு மூலையில் மரக்கட்டைகள், ஒன்றில் படப் புத்தகங்கள், ஒன்றில் சமையல் சாமான், ஒன்றில் வண்ணம். எங்கே போவது என்று பிள்ளையே முடிவு செய்யும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒன்றேகாலிலிருந்து படுக்கை, இரண்டரைக்கு எழுப்பி முகம் கழுவி, கதை, படம் வரைதல், மூன்றரைக்கு வீடு.

வெளி விளையாட்டை எங்கே வைப்பது என்பது நம் ஊரில் தனிப் பிரச்சினை. வேறு ஊர்ப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் பதினொரு மணிக்கு வெளியே போகச் சொல்லும். மார்ச் மாதத்து மதுரை வெயிலில் அந்த நேரத்துக்கு இரும்புச் சறுக்குமரத்தில் கை வைக்க முடியாது. ஆகவே மார்ச், ஏப்ரல், ஜூன் மாதங்களில் ஒன்பதே காலுக்கே வெளியே விட்டுப் பத்துக்குள் உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும். வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் இன்னும் அரை மணி நேரம் கிடைக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பள்ளியில் ஆறரை மணி நேரம் இருக்கும் பிள்ளைக்கு அதில் பெரும்பங்கு பள்ளியில்தான் கிடைத்தாக வேண்டும்.

எழுத்துக்கு முன்னால் விரல்

பெற்றோருக்கும் பள்ளிக்கும் சண்டை வருவதும், குழந்தைக்கு அடி விழுவதும் பெரும்பாலும் எழுத்து விஷயத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பார்த்து வரையும் திறமை வயதோடு ஒரு வரிசையில் வருகிறது. மூன்று வயதில் வட்டம் வரும். நான்கில் கூட்டல் குறி. நாலரை வாக்கில் சதுரம். சாய்கோடு கொண்ட முக்கோணம் ஐந்தை ஒட்டித்தான் வரும். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'கே', 'எக்ஸ்' போன்ற சாய்கோட்டு எழுத்துகளைத் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னால், அதன் கை இன்னும் வந்துசேராத இடத்துக்கு அதை இழுக்கிறோம் என்று பொருள். எழுதும், ஆனால் பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தி எழுதும். அந்தப் பிடி நிலைத்துவிட்டால் மூன்றாம் வகுப்பில் கை வலிக்கிறது என்று சொல்லும்போது மாற்றுவது பெரும்பாடு.

தமிழிலும் அப்படித்தான். 'அ'வில் தொடங்கிப் பன்னிரண்டு உயிரெழுத்தை வரிசையாகச் சொல்வது பாட்டாக இனிக்கும், சொல்லட்டும். எழுதுவதற்கு 'அ'வும் 'இ'யும் கடினமானவை. சுழிக்க வேண்டும், திரும்ப வேண்டும், கோடு இழுக்க வேண்டும். பெரும்பாலும் நேர்கோட்டில் அடங்கும் ட, ப, ம, ய ஆகியவற்றில் தொடங்கினால் கைக்கு எளிது. இன்னொரு லாபமும் உண்டு: ட, ப, ம மூன்றும் தெரிந்து மேலே புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துவிட்டால், படம், மடம், பட்டம் என்று பிள்ளையே வாசிக்கத் தொடங்கிவிடும். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எல்.கே.ஜி.யின் முதல் பாதியில் விரலுக்குத்தான் வேலை. பழைய பேப்பரைக் கிழிப்பது, மணி கோப்பது, ஸ்பாஞ்சால் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை இன்னொன்றுக்குப் பிழிவது, கோலப்பொடியை மூன்று விரலில் எடுத்துக் கோட்டின்மேல் விடுவது. வீட்டில் கறிவேப்பிலை உருவச் சொல்வதும் இதே பயிற்சிதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யும். மாவு பிசைந்து உருட்டுவது எல்லாவற்றிலும் மேல். மைதா இரண்டு கப், உப்பு ஒரு கப், எண்ணெய் ஒரு ஸ்பூன், நிறத்துக்கு மஞ்சள் தூள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் முக்கால் கப்பில் தொடங்கிச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைய வேண்டும். உப்பு இவ்வளவு எதற்கு என்றால், அதுதான் மாவைக் கெடாமல் காக்கிறது. மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் தாங்கும். கையில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளைக்கு அன்று மட்டும் வேண்டாம், எரியும்.

கிரேயானை முழு நீளத்தில் கொடுக்காமல் கட்டைவிரல் நீளத்துக்கு உடைத்துக் கொடுப்பது தெரிந்த ஆசிரியர்களின் வழக்கம். துண்டு சிறியதாக இருந்தால் முஷ்டியில் பிடிக்க இடமிருக்காது. விரல்கள் தானாக மூன்றாகக் கூடிவிடும். உடைந்த கிரேயான் கொடுத்திருக்கிறார்களே என்று டைரியில் புகார் எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எழுத்தின் வடிவத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி அதன்மேல் விரலை ஓட்டச் செய்வது மாண்டிசோரி முறையிலிருந்து வந்தது. மரியா மாண்டிசோரி 1939-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உப்புத்தாள் கிடைக்காவிட்டால் அட்டையில் பசையால் எழுதி மேலே மணலைத் தூவிக் காயவைத்தாலும் போதும்.

சிலேட்டு இன்னும் நல்ல சாதனம். அழிக்கலாம், பயம் இல்லை. ஆனால் பல்பத்தைத் தின்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அதட்டி நிறுத்துவதோடு விடாமல், ரத்தசோகை இருக்கிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

நூறு வரை சொல்வதும் ஐந்தை எண்ணுவதும்

ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், "அஞ்சு கொட்டை எடுத்துக் குடு" என்று கேட்டால் கையில் வந்ததை அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு. எண்ணுவதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், எண்ணின் வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்.

தடுமாற்றம் பெரும்பாலும் முதலாவதில் வரும். கொட்டைகள் குவியலாகக் கிடந்தால் ஒன்றையே இரண்டு முறை தொட்டு, ஐந்தை ஆறு என்று சொல்லும். பல்லாங்குழிப் பலகையை எடுத்து ஒரு குழிக்கு ஒன்று போட்டுக்கொண்டே எண்ணச் சொன்னால் இது சரியாகிவிடும், போட்டது திரும்ப வராது அல்லவா. மூன்றாவது விஷயம் வந்துவிட்டதா என்று பார்க்க, எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் இன்னும் வரவில்லை. எல்.கே.ஜி. முடிவில் பத்துப் பொருள், யு.கே.ஜி. முடிவில் இருபது பொருளைப் பிசகாமல் எண்ணினால் நல்ல முன்னேற்றம். யு.கே.ஜி.யில் ஐந்து கொட்டையில் இரண்டைக் கைக்குள் மறைத்து, "எத்தன ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்பார்கள். கழித்தல் என்ற பேரைச் சொல்லாமலே கழித்தல் தொடங்கிவிடும்.

புளியங்கொட்டையை எல்.கே.ஜி. வகுப்பில் பயன்படுத்துவது வேண்டாம். முப்பது பிள்ளை இருக்கும் இடத்தில் ஒன்று கட்டாயம் மூக்குக்குள் போகும். அப்படிப் போனால் ஊக்கு, ஹேர்பின் எதையும் விட்டு நோண்டக் கூடாது, உள்ளே தள்ளிவிடும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான் போக வேண்டும். மூன்று வயதுக்காரர்களுக்கு ஜாம் பாட்டில் மூடி, மரக்கட்டை போன்ற பெரிய பொருள்கள் போதும்.

ஒரு பஸ் விளையாட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால்

"சும்மா விளையாடத்தான் விடுறாங்க" என்பது அடுத்த குறை. யு.கே.ஜி. வகுப்பில் எட்டு நாற்காலியை இரண்டு இரண்டாகப் போட்டுவிட்டால் அது பஸ். ஒருவன் டிரைவர், பிளாஸ்டிக் தட்டு ஸ்டீயரிங். ஒருத்தி கண்டக்டர், பழைய நோட்டுத்தாளைக் கிழித்து டிக்கெட். "பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி! ஏறுங்க ஏறுங்க!" ஒன்பதாவதாக ஒருவன் ஏறுகிறான், இடம் இல்லை. "நின்னுக்க" என்கிறாள் கண்டக்டர். அவனுக்கு அழுகை வருகிறது. ஒரு நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு அடுத்த ஸ்டாப்பில் முன்னால் இருப்பவன் இறங்க வேண்டும் என்று முடிவாகிறது.

ஆசிரியர் இதில் வாயே திறக்கவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட் என்பது எண் பாடத்தின் முதல் விதி. டிக்கெட் என்று கிறுக்குவது எழுத்தின் பயன் புரிந்ததன் அடையாளம். ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வது நினைவாற்றல். சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொண்டது, எந்த நோட்டிலும் சொல்லித்தர முடியாதது. ஆசிரியரின் வேலை இங்கே பார்ப்பது, குறித்துக்கொள்வது, பொருள் கொடுப்பது. அடிதடி ஆனால் மட்டும் உள்ளே போவது. மறுநாள் "பஸ்ஸுல எவ்வளவு டிக்கெட் வித்துச்சு?" என்று ஒரு கேள்வி போட்டால் விளையாட்டு இன்னொரு படி ஏறும். அந்த நேரத்தைப் பெரிய டிவியில் ரைம்ஸ் போட்டுக் கழிக்கிற வகுப்பும் முழுநாள் வகுப்பு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கீழவாசல், மகால் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் சௌராஷ்டிரம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்; பேசு பேசு என்று நெருக்கினால்தான் தாமதமாகும். ஆங்கில வழியில் சேரும் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே கதை. இங்கிலீஷில் கேட்டால்தான் பாத்ரூம் என்று விதி வைத்த வகுப்பில் ஆகஸ்ட் வரை தினம் நாலு டிரவுசர் நனையும்.

சாப்பாடு, பாத்ரூம், தூக்கம்

இவை மூன்றும் இடைவேளை அல்ல, பாடவேளைதான். தானே அள்ளிச் சாப்பிட 40 நிமிடமாவது விட வேண்டும். இருபது நிமிடத்தில் மணி அடித்தால் ஆயாம்மா ஊட்டித்தான் ஆக வேண்டும், பழகுவது நின்றுபோகும். வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும்போது நீர்த்த சாம்பார் சாதம் வேண்டாம், உடம்பெல்லாம் ஆகும். இட்லியைத் துண்டாக்கிப் பொடி தடவியது, எலுமிச்சை சாதம், உருண்டையாகப் பிடித்த பருப்பு சாதம் சரியாக இருக்கும். தயிர்சாதம் என்றால் காலையில் பால் ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். மதியம் பதமாக இருக்கும். முழுக்கத் தயிர் விட்டால் நம் ஊர் வெயிலுக்குப் பன்னிரண்டு மணிக்கே புளித்துவிடும். முழுக் கடலை, முழுத் திராட்சை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டினால் ஆபத்தில்லை. டப்பாவை வீட்டிலேயே ஒரு முறை திறக்கச் சொல்லிப் பாருங்கள். மூடி திறக்க வராததால் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் உண்டு.

பாத்ரூமுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டிரவுசர், ஸ்கர்ட்தான் ஏற்றது. கொக்கி, பெல்ட், நாடா எல்லாம் நாலு வயதுக் கைக்கு அவசரத்தில் வராது. மாற்று உடை ஒரு செட் பையில் எப்போதும் இருக்கட்டும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஹாலை விட்டுவிட்டுப் பாத்ரூமைப் பாருங்கள்: சின்னக் கோப்பையா, குழாய் கைக்கு எட்டுகிறதா, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கிறதா. அழுக்காக இருந்தால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். அடக்குவதில் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். தண்ணீரே குடிக்காமல் பாட்டில் நிறைந்தபடி திரும்பி வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை இரவும் பகலும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழுப்பி வேனுக்கு அனுப்பும் பிள்ளைக்கு மதியத் தூக்கம் இல்லாமல் அந்தக் கணக்கு நிறையாது. பாய் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, பக்கத்துப் பக்கத்துப் பிள்ளையைத் தலைகால் மாற்றிப் படுக்க வைப்பார்கள். ஒருவர் இருமல் இன்னொருவர் முகத்தில் படாது. விரிப்பு அவரவர் வீட்டிலிருந்து, வெள்ளிக்கிழமை துவைக்கப் போகும். இருபது நிமிடத்தில் தூங்காத பிள்ளையை அதட்டிக் கண்ணை மூட வைப்பதில் பயனில்லை. ஒரு படப் புத்தகத்தோடு பாயிலேயே சும்மா கிடக்கட்டும். ஐந்து வயதை நெருங்கும் பலருக்குப் பகல் தூக்கம் தானே விட்டுப்போகும். மூன்று மணிக்கு மேல் தூங்கவிட்டால் ராத்திரி பதினொன்று வரை ஆட்டம் போடும். அது மறுநாள் காலையில் தெரியும்.

முதல் மாதமும் அதன் பிறகும்

நேராக முழுநாளில் இறக்கக் கூடாது. முதல் வாரம் இரண்டு மணி நேரம், இரண்டாம் வாரம் சாப்பாடு வரை, மூன்றாம் வாரம் முதல் முழுநாள். விட்டுவிட்டு வரும்போது கண்ணில் படாமல் நழுவுவது அந்த நிமிடத்துக்கு வசதி. மறுநாள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்காது. "அப்பத்தா மூணரைக்கு வருவாங்க, தூங்கி எந்திரிச்சதும் வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். மணி தெரியாத பிள்ளைக்குத் தூங்கி எழுந்ததும் என்பது புரியும். சொன்ன ஆள் சொன்ன நேரத்துக்கு வருவதும் முக்கியம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது 20 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், ஒரு ஆயா இருக்கிறார்களா என்று கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்றும் கேளுங்கள். எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு பள்ளி பார்க்கலாம். வேன் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஒத்தக்கடையிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ ஊரைச் சுற்றி வரும் வேனில் ஏழரைக்கு ஏறி நாலரைக்கு இறங்கினால் ஒன்பது மணி நேரம் ஆகிறது. பெரியவர்களின் ஆபீஸ் நேரத்தைவிட அதிகம். அதற்கு மேல் டியூஷன் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

யு.கே.ஜி. முடியும்போது ஒரு பிள்ளை தன் பெயரை எழுதும், எளிய சொற்களைக் கூட்டி வாசிக்கும், இருபது பொருளை எண்ணும், நடந்த ஒன்றை முன்பின் மாறாமல் சொல்லும், தானே சாப்பிட்டுப் பாத்ரூம் போய்வரும், தோற்றால் கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடி விளையாட வரும். இரண்டையும் ஆறையும் திருப்பிப் போட்டு எழுதுவது, ர, ழ சரியாக வராதது எல்லாம் ஆறு, ஏழு வயதுவரை சகஜம். மதுரையில் 'ழ' பெரியவர்களுக்கே சகஜமில்லை. ஆனால் நான்கு வயது முடிந்தும் நாலு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பியே பார்க்காவிட்டால், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஒரு வருடம் தள்ள வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதற்கு அரசு ராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டலாம். போகும்போது வகுப்பு ஆசிரியரிடம் அவர் கவனித்ததை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.